கதவோரம் நிற்கும் பெட்டி

பிப்ரவரி 2

பதினான்காம் கேட் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: விமானங்கள் குறித்த நேரத்தில் புறப்படுவது குறித்து.

தங்கள் விமான நிலையத்தில் நம் நிறுவனத்துக்கு இருபத்திரண்டு கேட்டுகள் உள்ளன. இருபத்தொன்றில் நூற்றுக்கு அறுபது விமானங்கள்தான் சொன்ன நேரத்தில் கிளம்புகின்றன. தங்கள் பதினான்கில் மட்டும் தொண்ணூற்றேழு. காலையில் பத்து நிமிடம் பிந்திய விமானம், சாயங்காலம் நான்காவது ஊரில் ஒன்றரை மணி நேரம் பிந்தி நிற்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் பிரிவு இரண்டு வருடமாகத் தலைகீழாக நின்று பார்க்கிறது. முன்கதவு, பின்கதவு இரண்டிலும் பயணிகளை ஏற்றினோம். துப்புரவு ஆட்களை முன்கூட்டியே அனுப்பினோம். எதிலும் ஐந்து புள்ளிக்கு மேல் ஏறவில்லை.

தங்கள் கேட்டில் கையாளும் முறையை விளக்கி, கம்பெனி தபால் பையில் பதில் அனுப்பவும். மற்ற கேட்டுகளிலும் அதைக் கொண்டுவர இயக்குநர் விரும்புகிறார்.

இப்படிக்கு,
துணை மேலாளர், நேரந்தவறாமைப் பிரிவு

பி.கு.: போன் செய்ய வேண்டாம். உன் குரலை இனிக் கேட்கவே மாட்டேன் என்று அப்பாவைக் கிடத்தியிருந்த அறையில் சொன்னேன். அது அப்படியேதான் இருக்கிறது. இது அலுவலக வேலை.


பிப்ரவரி 5

மகா கனம் பொருந்திய துணை மேலாளர் தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து உன் கையெழுத்து வந்திருக்கிறதே என்று ஓரமாகப் போய் நின்று பிரித்தேன். உள்ளே 'பொருள்' என்று போட்டு 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மூக்குத் துடைத்துவிட்ட கைக்குத் 'தாங்கள்' ரொம்பக் கனமாக இருக்கிறது. போகட்டும்.

கேட்டதற்குப் பதில். விமானத்தைப் பிந்த வைப்பது கதவும் இல்லை, துப்புரவும் இல்லை. ஆள் வராத பெட்டிதான். பயணி பெட்டியைக் கொடுத்துவிட்டு எங்கோ உட்கார்ந்துவிடுவார். ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் பறக்கக்கூடாது என்பது சட்டம். விமானத்தின் வயிற்றில் இருநூறு பெட்டிகள் கிடக்கும். அந்த ஒன்றைத் தேடி எடுக்க இருபத்தைந்து நிமிடம். மற்ற கேட்டுகளில் பெட்டி ஏற்றி இறக்குகிற லோடர்கள் தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் தேய்ந்து போகிறார்கள்.

எங்களுக்குத் தேட வேண்டியதில்லை. யார் வரப்போவதில்லையோ அவர் பெட்டி கதவோரத்திலேயே இருக்கிறது. கையை நீட்டி எடுத்தால் ஒரு நிமிடம். எப்படி அங்கே வருகிறது என்று மட்டும் கேட்காதே.

நெஞ்சு வலிக்கான மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

அக்கா


பிப்ரவரி 8

பொறுப்பாளர் அவர்களுக்கு,

என் காதில் பூச்சுற்ற வேண்டாம். யார் வரமாட்டார் என்பது கேட்டை மூடும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. பெட்டி ஏற்றுவதோ அதற்கு அரை மணி முன்னால். ஆக, உங்கள் லோடர்களில் ஒருவருக்கு ஏதோ கணக்கு தெரிந்திருக்கிறது. பிந்தி வந்து பெட்டி கொடுத்தவர்கள், வேறு விமானத்திலிருந்து மாறுகிறவர்கள், இப்படி ஏதோ ஒன்று. அவர் யார் என்று கண்டுபிடித்து எழுதவும். கடந்த மூன்று மாதத்தில் உங்கள் கேட்டில் விமானத்தைத் தவறவிட்டவர்களின் பட்டியலும் வேண்டும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்க உனக்கு உரிமை இல்லை. நான்கே நிமிடம் தாமதமாக வந்தவனை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னவள் நீ. தம்பி அந்த விமானத்துக்கு வருகிறான், அப்பாவைப் பார்க்கத்தான் வருகிறான் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? அன்று மத்தியானம் வரைக்கும் "வாண்டு வந்துட்டானா, வாண்டு வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே போனாராம். நர்ஸ் சொன்னார்.

துணை மேலாளர்


பிப்ரவரி 13

தம்பி,

நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே பொறுக்கவில்லை என்பதற்காக மூன்று நாள் நானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கீழே நின்றேன்.

எங்களிடம் நான்கு லோடர்கள். மூத்தவர்தான் விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து அடுக்குகிறவர். பெட்டிகளைப் படுக்கப் போட்டுத்தான் அடுக்குவார்கள். நிமிர்த்தி வைத்தால் விமானம் ஆடும்போது உருளும். முதல் நாள் நான் வாசலில் நிற்கிறேன், உள்ளே மூத்தவர் அடுக்குகிறார், எல்லாம் படுத்திருக்கிறது. குனிந்து என் ஷூ நாடாவை இழுத்து முடிந்துவிட்டு நிமிர்ந்தேன். கதவோரம் ஒரு சின்ன நீலப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. கைப்பிடி முழுக்க வெளியே இழுத்துவிட்டபடி, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போக வருவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி.

"யார் வெச்சது?" என்று கேட்டேன்.

மூத்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நிக்கிறதை நாங்க தொடுறதில்லைங்க அக்கா. கடைசியில மேலேருந்து சொல்லுவாங்க. அப்ப இறக்கிடுவோம்."

"எத்தனை நாளா இப்படி?"

"நீங்க கேக்காத வரைக்கும் நாங்களும் கேக்கலை."

இருபது நிமிடம் கழித்து மேலேயிருந்து தகவல் வந்தது. ஒரு பெண்மணி ஏறவில்லை, நீலப் பெட்டி, சின்னது. அடுத்த இரண்டு நாளும் இதேதான். ஒரு நாள் பழுப்பு, ஒரு நாள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிக்குக் கைப்பிடி இல்லை. கயிற்றின் முடிச்சு மேலே நிமிர்ந்து நின்றது.

இன்னொன்றும் கவனித்தேன். மற்ற கேட்டுகளில் கடைசி நிமிடத்தில் ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவருவார், கெஞ்சுவார், அதில் ஐந்து நிமிடம் போகும். என் கேட்டில் ஓடிவருகிறவர்களே இல்லை. வராதவர் வருவதே இல்லை.

பட்டியல் இணைத்திருக்கிறேன். முப்பத்தொரு பேர். அன்றைய நாளைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதக் காகிதம் எடுத்தேன், எழுத வரவில்லை.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

'பொறுப்பாளர்' என்று எழுத இன்று கை போகவில்லை.

பட்டியலில் இருந்தவர்களைப் பயணிகள் கருத்துக் கேட்பு என்று சொல்லிக் கூப்பிட்டுப் பேசினேன். இருபத்தாறு பேர் கிடைத்தார்கள். எல்லோரும் முன்னதாகவே வந்தவர்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை, கடையில் நிற்கவில்லை. முதல் ஆள் ஒரு பல் மருத்துவர். "சிரிக்காதீங்க சார். பின்னாலேருந்து யாரோ என்னைக் கூப்பிட்டாங்க. திரும்பிப் பாத்தேன். யாருமில்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினா கேட்டை மூடிட்டாங்க. ஒரு நொடிதான் சார் திரும்பினேன்" என்றார். அந்த ஒரு நொடியில் இருபது நிமிடம் போயிருந்தது.

அடுத்தவரும் அதையே சொன்னார். ஆறாவது ஆளிடம் நானே கேட்டேன், "பேர் சொல்லியா கூப்பிட்டாங்க?" என்று. "டிக்கெட்ல இருக்கிற பேர் இல்லைங்க. வீட்டுல கூப்பிடுற பேர்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். இருபத்தாறு பேருக்கும் வீட்டுப்பெயர். எல்லோருக்கும் தெரிந்த குரல். ஒருவருக்கு அம்மா, ஒருவருக்கு ஊரில் உயிரோடு இருக்கிற அண்ணன், ஒரு பெண்ணுக்கு அவளுடைய ஏழு வயது மகள்.

இதை உன்னிடம் மறைத்து வைத்துக்கொண்டு இனி என்னால் இருக்க முடியாது. அன்று உன் ஊருக்கு வேலையாக வந்துவிட்டுத் திரும்பும்போது நானும் நேரத்துக்குத்தான் வந்தேன். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தேன். பின்னாலிருந்து அப்பா "வாண்டு" என்று கூப்பிட்டார். இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அப்பா, அங்கே எனக்குப் பத்தடி பின்னால். திரும்பினேன். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிட்டது.

இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள். உன்னைத் திட்டுவது சுலபமாக இருந்தது. நான்கு நிமிடம் என்று நானே ஒரு கணக்குக் கட்டி, இரண்டு வருடம் அதையே உன் தலையில் போட்டேன். மன்னிப்பு என்று எழுதினால் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

வாண்டு


பிப்ரவரி 24

வாண்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். இரண்டு வருடம் என்னைக் கொலைகாரி மாதிரி நடத்தினாயே. அப்பாவின் போட்டோவைக்கூட எனக்கு ஒரு பிரதி அனுப்பவில்லை. நல்லா இருடா என்று கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, மறுபடியும் படித்தேன்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மூத்தவரிடம் உட்கார்ந்து பேசினேன். முதல் முதலாக ஒரு பெட்டி நின்றது என்றைக்கு என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். "உங்க தம்பியோடதுங்க அக்கா. பச்சைப் பெட்டி. அதுக்கு முன்னால எதுவும் நின்னதில்லை." அதை அன்று விமானத்திலிருந்து இறக்கி வைத்தது நான்தான். கைப்பிடி சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ விட்டுவிட்டுப் போன மாதிரி. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மேகமூட்டமான காலை அது.

அன்றைய நாளில் உனக்குத் தெரியாத ஒரு பாதி என்னிடமும் இருக்கிறது. கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. எழுதவும் தைரியம் இல்லை.

இந்த முறையை மற்ற இருபத்தொரு கேட்டுக்கும் கொண்டுவரப் போகிறீர்களா?

அக்கா


மார்ச் 4

அக்கா,

இயக்குநரிடம் போய், பதினான்கில் முறை எதுவும் இல்லை, எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது என்றேன். அவர் வண்ண வண்ணமாகக் கோடு போட்ட தாளைக் காட்டி, "இந்தக் கோடு ஏறிக்கிட்டே இருக்கே, அது போதாதா?" என்றார். அறிக்கையை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் 'பெட்டிகளைத் தேடாமல் எடுக்க ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து வைக்கும் கருவி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். அது நிஜமாகவே வேலை செய்யும். பெட்டி தானாக நிற்கத் தேவையில்லை.

இப்போது என் விஷயம். பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு எனக்கு இருதய ஆபரேஷன். வால்வு மாற்ற வேண்டுமாம். "நூத்துல எண்பது பேர் எழுந்து உக்காந்துடுவாங்க" என்று டாக்டர் தெம்பு சொன்னார். நேரந்தவறாமைப் பிரிவில் எண்பது என்றால் எங்களுக்கு மாலை போடுவார்கள், இங்கே ஏனோ போதவில்லை.

நீ வர வேண்டும். கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்பது சாக்கு. உன்னைப் பார்க்காமல் உள்ளே போகப் பயமாக இருக்கிறது. உன்னிடம் இருக்கிற அந்தப் பாதியையும் எனக்குக் கேட்க வேண்டும். பதின்மூன்றாம் தேதி காலை ஏழு பத்து விமானத்துக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறேன். இந்த ஊருக்கு வருவதெல்லாம் உன் கேட்டிலிருந்துதான் கிளம்புகிறது, வேறு வழியில்லை. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே. அப்பாவே கூப்பிட்டாலும் திரும்பாதே.

போன் வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன். இந்த முறை கோபத்தில் இல்லை. போனில் உன் குரல் வந்தால் அது நீதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் கோணல் கையெழுத்தை மட்டும் நம்புகிறேன்.

வாண்டு


மார்ச் 8

டேய் வாண்டு,

வருகிறேன். ஆபரேஷனை இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறாய், முதல் பத்தியில் இயக்குநர். உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

பயப்படாதே. பதினெட்டு வருடமாக ஊரையே ஏற்றி அனுப்புகிறவள் நான், என்னை ஏற்றி அனுப்ப எனக்குத் தெரியாதா? லோடர்கள் போடுகிற காதுமூடியைப் போட்டுக்கொண்டுதான் நடப்பேன். அதைப் போட்டால் பக்கத்தில் இன்ஜின் ஓடினாலும் கேட்காது. எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியில் உனக்குப் போர்த்திக்கொள்ள அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளியைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சண்டை போட்டு நான் எடுத்து வந்தது, ஞாபகம் இருக்கிறதா? இனி நீயே வைத்துக்கொள்.

அந்தப் பாதியைச் சொல்கிறேன். உன் முகத்தைப் பார்த்து.

அக்கா


மார்ச் 13, கேட் பதினான்கு

வாண்டு,

நான் வரவில்லை. உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மாலை விமானத்தில் இடம் இல்லை, எவ்வளவோ கெஞ்சிவிட்டேன். ஆனால் தபால் பை அதில் போகிறது. இதை உன் ஆபீஸ் ஆள் ராத்திரிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்.

காலை ஆறே முக்காலுக்கு மூத்தவர் மேலே ஓடிவந்தார். அவர் மேலே வந்து நான் பார்த்ததே இல்லை. "அக்கா, உங்க பெட்டி நிக்குது."

"படுக்கப் போடுங்க."

"மூணு தடவை போட்டுட்டேன்."

"நாலாவது தடவை போட்டு மேல ரெண்டு பெட்டியை வைங்க. நான் போயே ஆகணும்" என்று சொல்லிவிட்டுக் காதுமூடியை மாட்டிக்கொண்டு, கேட்டையும் விமானத்தையும் இணைக்கிற ஏரோபிரிட்ஜில் நடந்தேன். விமானக் கதவு வரை நாற்பது எட்டு. எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினைந்தாவது எட்டில், காதுமூடியையும் தாண்டி அப்பா கூப்பிட்டார். எதிர்பார்த்ததுதான். கண்ணீர் வந்தது, திரும்பவில்லை. முப்பதாவது எட்டு வரை கூப்பிட்டார், நின்றுவிட்டார். விமானப் பணிப்பெண்ணின் முகம் தெரிந்தது. சிரித்தாள்.

முப்பத்தாறாவது எட்டில் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். "அக்கா! அக்கா!" உன் குரல்.

தம்பி, இதுதான் அந்தப் பாதி. அன்று, அப்பாவுக்காக நீ வந்த அன்று, நான் இதே இடத்தில் நின்றேன். பின்னால் கண்ணாடிக் கதவைத் தட்டி இரண்டு தடவை "அக்கா" என்று கூப்பிட்டாய். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. நேரம் ஏழு எட்டு. ஒரு தரம் திரும்பி உன் முகத்தைப் பார்த்துவிட்டால் விமானத்தை நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே திரும்பவில்லை. கட்டை விரலைத் தூக்கி, கதவைச் சாத்தச் சொன்னேன். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். அன்றிலிருந்து ஒரு நாள்கூட அந்தக் குரல் என் முதுகில் இல்லாமல் இருந்ததில்லை.

அதனால் இன்று திரும்பினேன். இரண்டாவது தடவையும் உன்னை வெளியே நிறுத்திவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

யாரும் இல்லை. வெறும் கண்ணாடி. மறுபடி முன்னால் திரும்பினேன். ஏரோபிரிட்ஜின் வாய் திறந்து கிடந்தது, வெளியே வெயில், விமானம் ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் ஏழு பத்து. என் பெட்டி எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. யார் மேலே கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை.

நாளைக் காலை அதே விமானத்தில் மறுபடியும் வருகிறேன். எட்டு நாற்பதுக்கு இறங்கினால் ஆபரேஷனுக்கு முன்னால் வந்துவிடலாம். பெட்டி இல்லாமல், கையை வீசிக்கொண்டு வருகிறேன். பெட்டி இல்லாதவளை அது எதை வைத்துப் பிடிக்கும் என்று பார்க்கிறேன். எனக்காக ஒன்பது மணி வரைக்கும் இரு.

அக்கா


மார்ச் 14, காலை எட்டு ஐம்பது

அக்கா,

உன் கடிதம் நேற்று ராத்திரி வந்தது. விடிய விடியப் படித்தேன். இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ வந்ததும் தருவார்.

முதலில் இதைப் படி. அன்று கண்ணாடியைத் தட்டியது நான் இல்லை. நான் உன் கேட்டுக்கு வரவே இல்லை. அப்பா கூப்பிட்டது சோதனைப் பகுதியைத் தாண்டியதும் இருக்கிற தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். உன் கதவிலிருந்து அது முந்நூறு அடி. திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது பலகையில் 'புறப்பட்டது' என்று எழுதியிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் உன்னைக் கூப்பிடவில்லை, அக்கா. நீ என்னை வெளியே நிறுத்தவும் இல்லை. இரண்டு வருடமாக நீ சுமந்தது என் குரலே இல்லை. அதை இறக்கி வை.

எனக்குக் கோபம் துளியும் இல்லை. நீ வரும் வழியில் இதை நினைத்துக்கொண்டே வருவாயே என்றுதான் கஷ்டமாக இருக்கிறது.

என் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கதவு எனக்குப் பின்னால். சக்கரப் படுக்கையோடு ஆட்கள் இப்போது வந்துவிடுவார்கள். விமானம் எட்டு நாற்பதுக்கே இறங்கிவிட்டது, விசாரித்துவிட்டேன். ஆனால் விமான நிலையத்திலிருந்து இங்கே வர எப்படியும் இருபது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் யாராலும் வர முடியாது.

இப்போது கதவுக்கு வெளியே யாரோ "வாண்டு" என்றார்கள். உன் குரல். இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன். கொஞ்சமும் மாறவில்லை.

மறுபடியும் கூப்பிடுகிறது. இந்தத் தடவை அறைக்குள்ளிருந்து.

திரும்ப வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. பேனாவை வைக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயாக இருந்தால் கூப்பிடாதே. கட்டிலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நில், அக்கா.